மூத்தவன் பெயர் முதலில்

கடப்பாரை முதலில் இறங்கியது என் வலது தோளில்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடித்தவனுக்கும் எனக்கும் முன்விரோதம் எதுவும் கிடையாது. அன்று காலை பத்து மணிக்கு முன்னால் நான் அவன் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவன் வீட்டு மூலையில் கல் நட வந்த அளவைக்காரி என்பதற்காக அடித்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இங்கே அம்பும் நான், எய்தவளும் நான். அது அவனுக்குத் தெரியாது.

எங்கள் அலுவலகத்தைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். மூன்று மாடிக் கட்டடம். கீழ்மாடியில் பத்திரப் பதிவு. இரண்டு பேர் வந்து இந்த நிலத்தைக் கொடுத்தேன், வாங்கினேன் என்று சொன்னால் அதை எழுதி, கைரேகை வாங்கி, முத்திரை குத்திப் புத்தகத்தில் ஏற்றிவிடுவார்கள். நிலத்தைப் போய்ப் பார்க்கும் வேலை அவர்களுக்கு இல்லை. வடக்கே ஓடை, தெற்கே பாதை என்று வந்தவன் வாயால் சொல்வதுதான் எல்லை. நடுமாடியில் பெயர்ப் பதிவேடு. எந்த எண் யார் பெயரில் இருக்கிறது என்பது மட்டும் அங்கே இருக்கும். மேல்மாடி எங்களுடையது. படமும் அளவும். எங்கள் படத்தில் கோடு இருக்கும், கோணம் இருக்கும், எண் இருக்கும். மனிதர் ஒருவர்கூட இருக்க மாட்டார்.

ஆகக் கீழே இருப்பவனுக்கு மண் தெரியாது, மேலே இருக்கும் எங்களுக்கு ஆள் தெரியாது, நடுவில் இருப்பவனுக்கு இரண்டுமே தெரியாது. மேலிருந்து வந்த சீட்டைப் பார்த்து எழுதுவான். மூன்று மாடிக்கும் தலைநகரத்தில் தனித்தனித் தலைமை, தனித்தனிச் சட்டம், தனித்தனி முத்திரை. பொதுவாக இருப்பது படிக்கட்டு மட்டும்தான், அதையும் யார் பெருக்குவது என்று சண்டை. நாடு முழுக்க இதே கதைதான்.

ஒரு புலத்தை இரண்டாகப் பிரித்தால் எண்ணோடு எழுத்துச் சேர்ப்போம். அந்த எழுத்து வடமேற்கு மூலையிலிருந்து தொடங்க வேண்டும். மேற்கே அ, கிழக்கே ஆ. தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு தகப்பன் தன் புலத்தைப் பிரித்துக் கொடுத்தார். எண் ஏழு. பத்திரத்தில் தெளிவாக இருந்தது: கிழக்குப் பாதி மூத்த மகனுக்கு, மேற்குப் பாதி இளைய மகனுக்கு. எங்கள் ஆள் ஒருவர் போய் அளந்து வந்தார். படமும் சரி. நடுமாடிக்குப் போகும் சீட்டை எழுத வேண்டியது நான். இரண்டே வரி. 7-அ, 7-ஆ. எதிரே பெயர். பத்திரத்தைப் பார்த்தேன், மூத்தவன் பெயர் முதலில் இருந்தது. கல்யாணப் பத்திரிகையானாலும் கருமாதிப் பத்திரிகையானாலும் மூத்தவன் பெயர்தானே முதலில் வரும்? 7-அ என்பதற்கு எதிரே மூத்தவன் பெயரையும், 7-ஆ என்பதற்கு எதிரே இளையவன் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரை நிமிட வேலை. கை எழுதியது, மூளை டீ குடித்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு வருடம் அந்தத் தவறு தூங்கியது. பெயர் ஒரு புத்தகத்தில், படம் வேறொரு புத்தகத்தில். யார் சேர்த்துப் பார்ப்பது? அண்ணன் கிழக்கில் வீடு கட்டினான், கிணறு வெட்டினான். தம்பி மேற்கில் வண்டிப் பட்டறை போட்டான். அண்ணனும் தம்பியும் கட்டியது அக்காளையும் தங்கையையும். இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலிகூட இல்லை. கல் மட்டும் இருந்தது.

பிறகு தலைநகரத்தில் யாருக்கோ ஞானம் பிறந்து, மூன்று மாடிப் புத்தகங்களையும் கணினியில் ஒன்றாக இணைத்தார்கள். புதிய உரிமைச் சான்று வந்தது. மேலே படம், கீழே பெயர், ஒரே தாளில். தம்பி போய் ஒன்று எடுத்தான். படத்தில் கிழக்குப் பாதிக்கு நிறம் அடித்திருந்தது. கீழே அவன் பெயர்.

அவன் பேராசைக்காரன் என்று ஊர் சொன்னது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேற்குப் பாதி கல்லும் சரளையும். பெரிய சாலை வந்தது கிழக்கில். அப்பா ஓரவஞ்சனை செய்துவிட்டார் என்ற குறை அவனுக்கு நெஞ்சில் முள்ளாக இருந்திருக்கிறது. தாளைப் பார்த்ததும், அப்பா செய்யவில்லை, அண்ணன்தான் ஏமாற்றிவிட்டான் என்று நினைத்தான். செத்த அப்பாவை மன்னித்த வேகத்தில் உயிரோடு இருந்த அண்ணனைப் பகைத்துக்கொண்டான்.

முதலில் வாய்ச்சண்டை. அண்ணன் பத்திரத்தைக் காட்டினான், தம்பி சான்றைக் காட்டினான். இரண்டிலும் அரசாங்க முத்திரை. அண்ணன் எங்கள் கட்டடத்துக்கு ஓடிவந்து மாடி மாடியாக ஏறினான். கீழே, எங்கள் பத்திரம் சரி என்றார்கள். நடுவில், மேலிருந்து வந்த சீட்டுப்படி எங்கள் ஏடு சரி என்றார்கள். மேலே, நான் வெளியே அளக்கப் போயிருந்த நேரம், எங்கள் படம் சரி என்றார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

அடுத்த வாரம் தம்பி அண்ணனுடைய கிணற்று மோட்டாரைச் சம்மட்டியால் உடைத்தான். அண்ணன் தம்பியின் கையை இரும்புக் கதவில் வைத்துச் சாத்தினான். இரண்டு விரல் நசுங்கியது. தம்பி ராத்திரியோடு ராத்திரியாக ஏழு மரத்தை வெட்டிச் சாய்த்தான். பட்டறை எரிந்தது. அக்காளும் தங்கையும் குழாயடியில் குடத்தால் அடித்துக்கொண்டு, ஒருத்திக்கு நெற்றியில் நாலு தையல். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பழைய பேச்சு. இங்கே வாயும் வயிறும்கூடச் சண்டை போடவில்லை. இரண்டு காகிதம் சண்டை போட்டது, ரத்தம் இவர்களுக்கு வந்தது.

தம்பி மனுக் கொடுத்தான்: 7-ஆ என் பெயரில் இருக்கிறது, மூலைக்கு மூலை கல் நட்டு எனக்குக் காட்டிக் கொடுங்கள் என்று. மனு என் மேசைக்கு வந்தது. ஏட்டறையில் சீட்டுக் கொடுத்துப் பழைய கோப்பை எடுத்தேன். பிரித்தேன். இரண்டு வரி. என் கையெழுத்து.

கோப்பைத் தூக்கிக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முத்திரை. குத்துவது தவிர வேறு வேலை தெரியாது.

"படம் சரியா இருக்கா?" என்றார்.

"படம் சரிதான் சார். பேருதான் மாறிப்போச்சு. நான் எழுதின சீட்டு."

"பேரு நம்ம மாடி இல்லையேம்மா."

"சீட்டு நம்ம மாடில இருந்துதானே சார் போச்சு?"

கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். "திருத்தணும்னா தலைமையகம் போகணும். மூணு துறையும் ஒத்துக்கணும். எட்டு மாசம் ஆகும். அதோட, யாரு எழுதினதுன்னு ஒரு விசாரணை வரும். உனக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்கு?"

"நாலு."

"அப்புறம் என்ன? பதிவுல என்ன இருக்கோ அதுக்குக் கல்லப் போடு. அவங்க கோர்ட்டுக்குப் போயி தீத்துக்கட்டும். நீ ஏம்மா தானா போயி தலையக் குடுக்கற?"

நான் வாதாடவில்லை. கோபக்காரி என்று பெயர் எடுத்தவள், பியூனிலிருந்து அமைச்சரின் உதவியாளர் வரை எல்லோரிடமும் எகிறியவள், அன்று கோப்பை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்தேன். அடுத்தவன் தப்பு என்றால்தான் என் கோபத்துக்குக் கால் முளைக்கும் போலிருக்கிறது. கல் நடும் தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அன்று எங்களோடு காவலுக்கு வந்தது ஒரே ஒரு போலீஸ்காரர். வந்தவுடன் மரத்தடியைத் தேடிப் போய் போனை எடுத்துக்கொண்டார். என் உதவியாளர் சங்கிலி, முப்பது வருடம் அளவுச் சங்கிலி இழுத்ததால் அந்தப் பெயர், கருவியை ஸ்டாண்டில் பூட்டினார். நடுக்கோட்டை முதலில் சரிபார்த்தேன். பழைய கற்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒரு விரல் அகலம்கூட நகரவில்லை. ஆறு வாரமாக வெட்டிக்கொண்டவர்கள் எல்லைக்கல்லை மட்டும் தொடவில்லை. எல்லையில் அவர்களுக்குத் தகராறே இல்லை.

வடகிழக்கு மூலை அண்ணன் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் வந்தது. சங்கிலி குழி தோண்ட ஆரம்பித்ததும் அண்ணன் வெளியே வந்தான். கையில் ஆயுதம் இல்லை. பத்திரம் இருந்தது.

"படிங்க மேடம்" என்றான்.

படித்தேன்.

"சத்தமா படிங்க."

"கிழக்குப் பாதி மூத்த மகனுக்கு."

"நான்தான் மூத்தவன். இது கிழக்கு. சூரியன் இந்தப் பக்கம்தான் உதிக்குது, வேணும்னா நாளைக்கு வந்து பாருங்க. அப்புறம் எதுக்கு இங்க குழி?"

"பதிவேட்டுல இது உங்க தம்பி பேர்ல இருக்கு."

"பதிவேடு தப்பா இருக்கக்கூடாதா?"

நேராக என் கண்ணைப் பார்த்துக் கேட்டான். உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேட்டான். அந்த ஒரு நொடி எனக்குக் கிடைத்தது. ஒரே ஒரு சொல் போதும்.

"பதிவுல இருக்கறதத்தான் நான் சொல்ல முடியும்" என்றேன். சங்கிலியிடம் திரும்பி, "நீங்க தோண்டுங்க" என்றேன்.

அண்ணன் சங்கிலியின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினான். எங்கள் துறையின் எண் வெட்டிய கடப்பாரை. தோளில் வாங்கிக்கொண்டு விழுந்தேன். வலி உடனே வரவில்லை. கை மட்டும் என்னுடையது இல்லாததுபோலத் தொங்கியது. சங்கிலி பின்னாலிருந்து அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தார். முழங்கை ஒன்று வாயில் பட்டு, இரண்டு பல்லைத் துப்பிக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர் ஜீப்பை நோக்கி ஓடினார். ஆள் கூட்டிவர ஓடினாராம். பிற்பாடு சொன்னார்.

"கவர்மென்ட் ஆளையே அடிக்கிறியாடா!" என்று கத்திக்கொண்டு தம்பி அரிவாளோடு வந்தான். அண்ணனை அவன் 'டா' போட்டது அன்றுதான் முதல் தடவையாம், அவன் பெண்டாட்டி பிறகு சொன்னாள். முதல் வெட்டு அண்ணனின் இடது முன்கையில். சதை வாய்பிளந்து உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அண்ணன் ஒரு கையாலேயே கடப்பாரையைச் சுழற்றினான். தம்பியின் விலாவில் இறங்கியது. அவன் மடங்கினான், மடங்கியபடியே கெண்டைக்காலை வெட்டினான். இரண்டு பேரும் பேசவில்லை. மூச்சு மட்டும் மாட்டின் மூச்சுப்போலக் கேட்டது. வாசலில் அக்காள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். ஓடிவந்த தங்கை கணவனின் சட்டையைப் பிடித்தாள். சட்டை கிழிந்து அவள் கையோடு வந்தது.

அடுத்த வீச்சு நெற்றியைக் கிழித்ததும் அண்ணன் பின்னால் நகர்ந்தான். நாங்கள் தோண்டிய குழியில் கால் இறங்கி மல்லாந்தான். நெற்றி ரத்தம் கண்ணில் வழிந்தது. தம்பி அவன் தலைமாட்டில் நின்று அரிவாளை ஓங்கினான். கழுத்துக்குத்தான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "தப்பு என்னோடது! கிழக்கு உங்க அண்ணனுக்குத்தான்!"

ஓங்கிய கை நின்றது. என் பக்கம் திரும்பினான்.

"என்ன மேடம்?"

"பேரை மாத்தி எழுதினது நான். உங்க அப்பா கிழக்கை அவருக்குத்தான் குடுத்தாரு. சான்று தப்பு."

அவன் என்னையே பார்த்தான். வகுப்பில் கணக்குத் தப்பாகப் போட்டுவிட்டு முழிக்கும் பிள்ளையைப்போல ஒரு பார்வை. கை மெல்ல இறங்கியது. அரிவாளை மண்ணில் போட்டான். அண்ணன் பக்கம் குனிந்து, நசுங்கிய விரல் இருந்த கையை நீட்டினான். "அண்ணே" என்றான்.

அண்ணன் கீழே கிடந்தபடியே கடப்பாரையை வீசினான். தம்பியின் காதுக்கு மேலே பட்டது. ஒரு அடிதான். இரண்டாவது அடி தேவைப்படவில்லை.

நான் சொன்னது அண்ணன் காதில் விழுந்ததா என்று நீதிமன்றத்தில் மூன்று தடவை கேட்டார்கள். கண்ணில் ரத்தம், ஒரு கை தெரிந்தது, வீசினேன் என்று மூன்று தடவையும் ஒரே பதில் சொன்னான். நான் நம்புகிறேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன யோக்கியதை?

என் வாக்குமூலத்தில், தவறை நான் கவனித்தது புலத்தில், அந்த நிமிடத்தில் என்று எழுதிக் கொடுத்தேன். முத்திரைதான் வாசகம் சொன்னார். தோளில் கட்டோடு கிடந்தவளுக்கு அது மெத்தென்று இருந்தது. உயிரைப் பணயம் வைத்து உண்மையைச் சொன்ன அளவையர் என்று துறைச் சுற்றறிக்கையில் இரண்டு வரி போட்டார்கள். என் முன்னால் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் அதைக் கிழித்து எவன் வாயிலாவது திணிக்க வேண்டும்போல இருந்தது, பிறகு அந்த வாய் என்னுடையதுதான் என்று உறைத்தது.

எட்டு மாதம் ஆகும் என்ற திருத்தம் பதினாறு நாளில் தயாரானது. ஒரு பிணம் விழுந்தால் மூன்று மாடிக்கும் கால் வந்துவிடுகிறது. பெயர்களை மாற்றிப் போட இரண்டு தரப்பும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணன் சிறையிலிருந்தே போட்டு அனுப்பிவிட்டான். தம்பி தரப்பில் அவன் பெண்டாட்டி வந்தாள். அவள் போடவில்லை என்றால், அக்காள் இருக்கும் வீடும் கிணறும் இவள் புருஷன் பெயரிலேயே கிடந்து இவளுக்கு வரும். போடாமல் போனால் நான் குற்றம் சொல்ல மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டு மணி. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பை முதல் தாளிலிருந்து படித்தாள். எங்களிடம் வருகிறவர்கள் படிக்க மாட்டார்கள், எங்கே போடணும் என்று மட்டும் கேட்பார்கள். இவள் என் வாக்குமூலம் உட்பட ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். பேனாவை எடுத்தாள். போட்டாள். மூடியை மாட்டினாள். பிறகு கோப்பின் ஓரத்தில் குண்டூசியால் குத்தியிருந்த சின்னச் சீட்டைத் தொட்டாள். ஏட்டறையில் பழைய கோப்பை வாங்கும்போது நான் கொடுத்த சீட்டு. எங்கள் பழக்கம், எது எடுத்தாலும் தேதி போட்டுக் குத்தி வைப்போம். கோபத்தில்கூட, பயத்தில்கூட மறக்க மாட்டோம்.

"இதுல நாலாந்தேதின்னு இருக்கு" என்றாள்.

"ஆமா."

"கல்லு நட வந்தது பதிமூணு."

"ஆமா."

"அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

இல்லை என்று சொல்ல நூறு வழி இருந்தது. எடுத்தேன், பிரிக்கவில்லை. பிரித்தேன், கவனிக்கவில்லை. இருபத்தாறு வருடம் இந்தக் கட்டடத்தில் இருந்தவளுக்கு இந்த வித்தை தெரியாதா? கையெழுத்தும் போட்டாயிற்று, அவள் எழுந்து போய்விட்டால் விஷயம் முடிந்தது.

"தெரியும்" என்றேன்.

அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம். தலையை மட்டும் ஆட்டினாள்.

"ஏன் சொல்லல?"

"பயம்."

"எதுக்கு?"

"விசாரணை வரும்னு. நாலு வருஷம்தான் இருக்குன்னு." சொல்லும்போதே அது எவ்வளவு சின்னது என்று என் காதுக்கே கேட்டது.

அவள் கொஞ்ச நேரம் என் முறிந்த தோளைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் அருவாளைக் கீழ போட்டாரே, அது பயந்து இல்ல மேடம். ஆறு வாரமா ஊரே சொல்லிச்சு, எங்க அக்கா கால்ல விழுந்து சொல்லிச்சு, நான் சொன்னேன். யாரு சொல்லியும் கேக்கல. நீங்க சொன்னதும் கேட்டாரு. அளக்கறவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு எப்பவும் சொல்வாரு."

நான் குண்டூசியில் இருந்த அந்தச் சீட்டைப் பார்த்தேன்.

"அந்த ஒம்போது நாள்ல ஒரு நாள், எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு சொல்லியிருந்தா போதும்" என்றாள். மேசைமேல் இருந்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதன்மேல் அவள் பேனாவையும் வைத்தாள். "இப்ப சொன்னதை எழுதுங்க. நான் படிச்சிட்டுப் போறேன்."

வலது கை இன்னும் சரியாகத் தூக்க வராது. இடது கையால் அதைத் தாங்கித் தாளின்மேல் வைத்தேன். முத்திரை தன் அறைக் கதவைத் திறந்து, "என்னம்மா அது?" என்றார். நான் பதில் சொல்லாமல் நாலாந்தேதியிலிருந்து எழுத ஆரம்பித்தேன்.